விழுப்புண் பட்டோர்க்கு ஒரு வீடு

போரில் மாண்ட வீரனுக்குக் கல் நட்டுப் போற்றுவது தமிழரின் தொன்மையான வழக்கம். அவனுடைய மக்கள் பிழைக்க நிலமும் விட்டார்கள். அந்நிலத்தை உதிரப்பட்டி என்று கல்வெட்டுக்கள் குறிக்கின்றன. மாண்டவனுக்குக் கல் கிடைத்தது. மக்களுக்குக் காணி கிடைத்தது. ஆனால், மாளாமல் ஒரு காலையோ இரு கண்களையோ களத்தில் விட்டுவிட்டு ஊர் திரும்பியவன் கதி என்னவாயிற்று? விழுப்புண் என்ற அழகிய சொல் நம்மிடம் உண்டு. அப்புண்ணோடு நாற்பது ஆண்டுகள் உயிர் வாழ்ந்தவனைப் பற்றி நடுகற்கள் பேசுவதில்லை. இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய குறையன்று. பெரும்பாலான நாடுகளின் சரித்திரத்திலும் அவன் நெடுங்காலம் மறக்கப்பட்டவனாகவே இருந்திருக்கிறான்.

அவனுக்கென்று ஒரு மாளிகை எழுந்தது பிரான்சு நாட்டில். அதற்கு முன்பு, முதிர்ந்த சிப்பாய்களையும் அங்கம் இழந்தவர்களையும் கிறிஸ்தவ மடங்களில் கொண்டுபோய் விட்டுவிடுவது அந்நாட்டு வழக்கம். பாசறையில் வளர்ந்தவனுக்கு மடத்தின் நியமம் ஒத்துவரவில்லை. துறவிகளுக்கோ அவனுடைய பேச்சும் பழக்கமும் பிடிக்கவில்லை. பலர் வெளியேறிப் பாரிஸ் நகரத்துப் பாலங்களில் பிச்சை எடுத்தார்கள். பதினான்காம் லூயி மன்னர் 1670இல் ஓர் ஆணை பிறப்பித்தார். லிபரல் புருவான் என்ற சிற்பி வரைந்த திட்டப்படி ‘இன்வலீத்’ என்னும் பெருமனை எழுந்தது; 1674இல் முதல் வீரர்கள் அதில் குடிபுகுந்தார்கள். மன்னருடைய கருணையை மட்டும் இதற்குக் காரணமாகச் சொல்லிவிட முடியாது. காலிழந்த சிப்பாய் தெருவில் கையேந்தி நிற்பதைக் கண்ட இளைஞன் படையில் சேர எப்படி முன்வருவான்? அந்தக் கணக்கும் அரசருக்குத் தெரிந்திருந்தது.

ஆயினும் இன்வலீத்தில் நாம் கவனிக்க வேண்டிய ஒரு சிறப்பு உண்டு. உண்ணவும் உறங்கவும் இடம் கொடுத்ததோடு அவர்கள் நின்றுவிடவில்லை. செருப்புத் தைத்தல், திரைச்சீலை நெய்தல், ஏட்டுப் பிரதிகளுக்கு வண்ணம் தீட்டுதல் முதலிய தொழில்களுக்கு அங்கே பட்டறைகள் அமைந்தன. சும்மா இருக்கும் வீரனை நோயைவிடச் சோர்வே விரைவில் கொல்லும் என்பதை யாரோ ஒருவர் அறிந்திருக்க வேண்டும். நெப்போலியனின் சமாதியைக் காண இன்று அங்கே திரளும் பயணிகளில் பலருக்கு, அதே வளாகத்தில் இப்போதும் போர்க்காயம் பட்டோர் தங்கிச் சிகிச்சை பெறுகிறார்கள் என்பது தெரியாது.

இங்கிலாந்தில் இரண்டாம் சார்லஸ் மன்னர் இதைப் பின்பற்றி 1682இல் செல்ஸி மருத்துவமனைக்கு வித்திட்டார். கட்டியவர் கிறிஸ்டபர் ரென். 1692இல் வீரர்கள் குடிவந்தனர். அவர்களுடைய செந்நிற அங்கி உலகறிந்தது. 2009 முதல் மகளிரும் அங்கே இருக்கிறார்கள். இவ்விரண்டு மனைகளிலும் ஒரு பெருங்குறை இருந்தது. மனைவி மக்களோடு கூடி வாழ அங்கே இடமில்லை. மாளிகை இருந்தது, வீடு இல்லை.

அக்குறையை நன்கு உணர்ந்தவர் தாமஸ் மாசன் என்பவர். தோட்டங்களும் நகரங்களும் அமைப்பதில் பெயர் பெற்றவர். முதல் உலகப் போரில், 1915இல், தம் மகனை இழந்தார். துயரில் ஆழ்ந்துவிடாமல், ஊனமுற்ற வீரர்கள் குடும்பத்தோடு வாழத் தனிக் கிராமங்கள் அமைக்க வேண்டும் என்று 1917இல் ஒரு நூலே எழுதினார். லங்காஸ்டர் நகரத்துச் செல்வர் ஹெர்பர்ட் ஸ்டோரி தம் வெஸ்ட்ஃபீல்டு நிலத்தை அளிக்க, அங்கே ஒரு கிராமம் உருவாயிற்று. 1924 நவம்பரில் ஹெய்க் பிரபு அதைத் திறந்து வைத்தார். கொத்தளம் போன்ற கட்டடம் ஒன்றும் இல்லை. தோட்டத்தோடு கூடிய சிறு சிறு வீடுகள். நடுவிலே ஒரு நினைவுச் சின்னம். வெற்றி வாளை உயர்த்தும் வீரனை அதில் காண முடியாது. காயம்பட்ட தோழனைத் தாங்கிப் பிடிக்கும் வீரனைத்தான் காணலாம். இதைச் செதுக்கியவர் ஜென்னி டெலஹண்ட் என்னும் பெண்மணி. போர்ச் சின்னங்களில் இத்தகையது அரிது என்றே சொல்வேன்.

முதுகெலும்பில் குண்டு பாய்ந்தவர்களுக்கு மட்டும் இந்த ஏற்பாடுகள் எவையும் போதவில்லை. இடுப்புக்குக் கீழே உணர்ச்சியற்றுப் போனவர்கள், படுக்கைப் புண்ணாலும் சிறுநீரக நோயாலும் பெரும்பாலும் விரைவிலேயே இறந்தார்கள். ஜெர்மனியிலிருந்து அகதியாய் வந்த லுட்விக் குட்மன் என்ற மருத்துவர், 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் பொறுப்பேற்றதும் நிலைமை மாறிற்று. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்க வைத்தார்கள். இரவிலும் அதைத் தவற விடவில்லை. இந்த எளிய காரியமே பல உயிர்களைக் காத்தது. 1948 ஜூலை 29ஆம் நாள் பதினாறு பேரைச் சக்கர நாற்காலியில் அமர்த்தி வில்வித்தைப் போட்டி நடத்தினார். இன்றைய பாராலிம்பிக் பந்தயங்களின் ஊற்று அதுதான்.

உயிர் பிழைத்தவன் எங்கே வாழ்வது? நம் நாட்டில் இக்கேள்வி 1965, 1971 ஆண்டுகளின் போர்களுக்குப் பின் கூர்மையாக எழுந்தது. நம் கிராமத்து வீட்டை எண்ணிப் பாருங்கள். வாசலில் மூன்று படி, உயர்ந்த நிலைப்படி, ஒடுங்கிய கதவு, கிணறோ கொல்லைப்புறத்தில். சக்கர நாற்காலி அவ்வீட்டின் திண்ணையைக்கூட எட்டாது. அன்புள்ள தாயாரும் மனைவியும் இருந்தும், சொந்த வீடே அவனுக்கு மூடிய கோட்டையாகி விடுகிறது.

புனாவில் வாழும் நம்மவர்களுக்குக் கிர்க்கி புதிய ஊரன்று. கடக்கி என்பதும் அதுவே. ஊனமுற்ற சிப்பாய்களுக்குக் கைத்தொழில் கற்பிப்பதற்காக 1917இல் பம்பாயில் வில்லிங்டன் சீமாட்டி தொடங்கிய குயின் மேரி தொழிற்கல்விச் சாலை பின்னர் இவ்வூருக்கு வந்தது. செயற்கைக் கால்களும் கைகளும் செய்து பொருத்தும் நிலையம் புனாவில் 1944 முதல் இருக்கிறது. முதுகெலும்பு அடிபட்டவர்களுக்கென்றே கிர்க்கியில் மறுவாழ்வு நிலையம் 1974இல் தோன்றிற்று. மொகாலியில் இன்னொன்று 1978இல் எழுந்தது. கிர்க்கி நிலையத்தில் வீரர்கள் தொழில் பழகுகிறார்கள். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே கூடைப்பந்தும் ஆடுகிறார்கள்.

இந்த விளையாட்டைப் பொழுதுபோக்கு என்று எண்ணிவிடலாகாது. 1965 போரில் உடலெங்கும் குண்டு துளைத்த முரளிகாந்த் பேட்கர் என்ற மராட்டிய வீரர், முன்பு குத்துச்சண்டை ஆடியவர். எழுந்து நடக்க முடியாத நிலையில் நீச்சல் பழகினார். 1972இல் ஹைடல்பெர்க் நகரில் நடந்த பாராலிம்பிக் போட்டியில் ஐம்பது மீட்டர் நீச்சலில் தங்கம் வென்றார். தனி ஒருவராக இந்தியாவுக்குத் தங்கம் பெற்றுத் தந்தவர்களில் முதல்வர் இவர். நாடு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்க 2018 ஆயிற்று!

இத்தகைய நிலையங்களுக்குப் பணம் தேவைதான். டிசம்பர் 7ஆம் நாள், 1949 முதல் ஆண்டுதோறும், படைவீரர் கொடிநாள் நிதி திரட்டப்படுகிறது. ஆனால் பணத்தால் வாங்க முடியாத ஒன்றும் உண்டு. பிற மாநிலத்தில் வாழும் நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை. பல மாநிலத்து வீரர்கள் ஒன்றாகத் தங்கும் இடத்தில் ஒவ்வொருவனும் தன் ஊர்ப் பேச்சைக் கேட்க ஏங்குவான். கோயம்புத்தூரானுக்கும் குமரிக்காரனுக்கும் அந்த ஏக்கம் ஒன்றுதான். அருகில் இருப்போர் நிலையத்தாரிடம் முன்கூட்டியே அனுமதி பெற்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை சென்று வரலாம். பழங்களை விட, ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசும் மனிதரையே அங்கே பெரிதும் விரும்புவார்கள்.