காற்று பொதுச் சொத்து, கம்பி யார் சொத்து?

1920 ஜனவரி 31 அன்று அண்ணல் அம்பேத்கர் ‘மூக்நாயக்’ இதழைத் தொடங்கினார். இப்படி ஓர் இதழ் வருகிறது என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டும் அல்லவா? அதற்காகத் திலகரின் ‘கேசரி’க்கு விளம்பரம் கொடுத்தார்கள். இலவசமாக இல்லை, காசு கொடுக்கிறோம் என்றுதான் கேட்டார்கள். ‘கேசரி’ வெளியிட மறுத்துவிட்டது. நம் குரலைத் தடுக்க நம் வாயைப் பொத்த வேண்டியதில்லை, அதைக் கொண்டுபோகும் வண்டியில் இடமில்லை என்று சொன்னால் போதும் என்பதை அண்ணல் அன்றே பார்த்துவிட்டார்.

அதற்கும் 13 ஆண்டுகள் முன்பு, 1907 ஜூன் 19 அன்று, பண்டிதர் அயோத்திதாசர் இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைக் கொண்டுவந்தார். கோலார் தங்கவயலிலும் பர்மாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் அதற்கு வாசகர்கள் இருந்தார்கள். கொண்டுபோய்ச் சேர்த்தது தபால். தபால் நிலையம் உள்ளே எழுதியிருப்பவர் யார் என்று பார்க்கவில்லை, தபால்தலை ஒட்டியிருக்கிறதா என்றுதான் பார்த்தது. சேரிக்குள் கால் வைக்கத் தயங்கிய தபால்காரர்கள் உண்டு. ஆனால் கொண்டு சேர்ப்பது அவர்கள் கடமை. சேர்க்காவிட்டால் மேலே மனு போடலாம்.

தொலைக்காட்சியைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் விவாத மேடையில் யார் உட்கார்கிறார்கள், செய்தி அறையில் நம்மவர் எத்தனை பேர் என்றுதான் கேட்கிறோம். அது கேட்க வேண்டிய கேள்வி. ஆனால் அந்தச் சேனலை வீட்டுக்குக் கொண்டுவரும் கம்பி யாருடையது என்று நாம் கேட்பதில்லை. தமிழ்நாட்டில் அந்தக் கம்பிக்காக நடந்த சண்டையின் வரலாற்றை நம் பக்கத்திலிருந்து ஒருமுறை படித்துப் பார்ப்போம்.

ஒரே ஆண்டு, இரண்டு சட்டம்

1995 பிப்ரவரி 9 அன்று, வங்காள கிரிக்கெட் சங்க வழக்கில் உச்சநீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. காற்றலைகள் பொதுச் சொத்து, அவை அரசின் ஏகபோகமும் இல்லை, தனியாரின் ஏகபோகமும் இல்லை என்றது. அதே ஆண்டில் கேபிள் தொலைக்காட்சி ஒழுங்குமுறைச் சட்டமும் வந்தது. அதன் 8ஆம் பிரிவு, கேபிள்காரர்கள் தூர்தர்ஷன் சேனல்களைக் கட்டாயம் காட்ட வேண்டும் என்கிறது. கட்டாயம் என்ற சொல் அரசுச் சேனலுக்கு மட்டும்தான் கிடைத்தது. உள்ளூர் மக்களுக்கோ, ஒடுக்கப்பட்டோருக்கோ, மக்கள் அமைப்புகளுக்கோ ஒரு சேனலாவது ஒதுக்க வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் ஒரு வரி இல்லை.

அந்தக் காலத்துக் கேபிள் இயங்கிய விதத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஊருக்கு ஒரு கேபிள்காரர். அவருக்கு மேலே நகரத்தில் ஒரு கண்ட்ரோல் ரூம். செயற்கைக்கோளிலிருந்து சேனல்களை இறக்கிக் கம்பியில் ஏற்றுவது கண்ட்ரோல் ரூம், வீட்டுக்கு இழுத்து மாதாமாதம் வசூலிப்பது கேபிள்காரர். பழைய கம்பியில் ஏறத்தாழ 100 சேனல்கள்தான் ஏறும். அதிலும் முதல் பத்துப் பன்னிரண்டு இடங்களில்தான் படம் தெளிவாகத் தெரியும். பழைய பெட்டிகளில் அதற்கு மேலே உள்ளது வராமலே போகும். ஆகவே சேனல்கள் நல்ல இடத்துக்காகக் கண்ட்ரோல் ரூமுக்குப் பணம் கொடுத்தன. பணம் இல்லாதவருக்குக் கடைசி இடம் அல்லது இடமே இல்லை. தடை ஆணை போட வேண்டியதில்லை. இடத்தை மாற்றினால் போதும், படம் புள்ளி புள்ளியாகிவிடும்.

ஒரு குடும்பம், இரண்டு கட்சி

1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி தொடங்கியது. அண்ணல் பிறந்த நாள் அது. அவர்கள் தேர்ந்தது தமிழ்ப் புத்தாண்டுக்காக. பின்னர் அதே குடும்பத்தின் சுமங்கலி கேபிள் விஷன் சென்னையிலும் பிற நகரங்களிலும் கண்ட்ரோல் ரூம்களைக் கையில் வைத்திருந்தது. சேனலும் கம்பியும் ஒரே கையில். எங்களைப் பின்னால் தள்ளுகிறார்கள் என்பது போட்டிச் சேனல்களின் தொடர் புகாராக இருந்தது.

2006 ஜனவரியில் அ.தி.மு.க. அரசு கேபிள் நிறுவனங்களைக் கையகப்படுத்தச் சட்டமன்றத்தில் ஒரு மசோதாவை நிறைவேற்றியது. தி.மு.க. கடுமையாக எதிர்த்தது. ஆளுநர் அதைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். மே மாதத்தில் ஆட்சி மாறியது, மசோதா அப்படியே போயிற்று.

அடுத்த ஆண்டு காட்சி தலைகீழானது. 2007 மே 9 அன்று, தினகரன் நாளிதழின் வாரிசுக் கருத்துக்கணிப்பை ஒட்டி, மதுரையில் அதன் அலுவலகம் தாக்கப்பட்டது. ஊழியர்கள் மூவர் செத்தார்கள். குடும்பம் பிரிந்தது. செப்டம்பர் 15 அன்று கலைஞர் டிவி வந்தது. அக்டோபரில் தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம் பதிவானது. கம்பியை அரசு எடுப்பது கருத்துரிமைக்கு ஆபத்து என்று 2006இல் சொன்னவர்களுக்கு 2007இல் அரசே கம்பி இழுப்பது மக்கள் நலனாகத் தெரிந்தது. இந்த மாற்றத்துக்கும் சேரியில் டிவி பார்ப்பவருக்கும் என்ன தொடர்பு? ஒன்றும் இல்லை.

அந்த ஆண்டுகளில் நம் தெருக்களுக்கு வந்து சேர்ந்தது வேறொன்று. 2006 செப்டம்பர் 15 முதல் அரசு 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை இலவசமாகக் கொடுத்தது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் பெட்டி போனது. காலனி வீடுகளுக்கும் வந்தது. பெட்டி இலவசம், கம்பிக்கு மாதக் கட்டணம். பெட்டி கொடுக்கக் கொடுக்கக் கம்பி வைத்திருப்பவருக்கு வாடிக்கையாளர்கள் கூடினார்கள்.

கம்பியைத் தொட்ட அதிகாரி

அரசு கேபிள் தஞ்சாவூர், கோயம்புத்தூர், திருநெல்வேலி, வேலூர் ஆகிய இடங்களில் கண்ட்ரோல் ரூம் அமைத்தது. ஆனால் சன் குழுமத்தின் கட்டணச் சேனல்கள் அதற்குக் கிடைக்கவில்லை. கேட்கும் விநியோகஸ்தருக்குச் சேனலை மறுக்கக் கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2004லேயே விதி செய்திருந்தது. விதி இருந்தது, விலை, நிபந்தனை என்று இழுத்தடிக்க வழியும் இருந்தது. சன் டிவி தெரியாத கேபிளை எந்த வீடு வாங்கும்? போதாததற்கு அரசு கேபிளின் கம்பிகள் வெட்டப்படுகின்றன என்ற புகார்களும் எழுந்தன.

அப்போது அந்த நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக இருந்தவர் சி. உமாசங்கர். 1990ஆம் ஆண்டு ஐ.ஏ.எஸ். அதிகாரி, பட்டியல் சாதியைச் சேர்ந்தவர். மதுரையில் பணியாற்றியபோது சுடுகாட்டுக் கூரை ஊழலை வெளிக்கொண்டு வந்தவர் என்று நாடறிந்தவர். அரசு கேபிளின் கம்பிகளைச் சேதப்படுத்தியவர்கள் மீது நடவடிக்கை எடுக்கவும், சுமங்கலி நிறுவனத்தை அரசுடைமை ஆக்கவும் தாம் பரிந்துரைத்ததாகப் பின்னாளில் உயர்நீதிமன்றத்தில் அவர் சொன்னார். 2008 டிசம்பரில் குடும்பம் மீண்டும் ஒன்றுசேர்ந்தது. அரசு கேபிள் படுத்துவிட்டது. உமாசங்கரும் அந்த நாற்காலியிலிருந்து மாற்றப்பட்டார்.

2010 ஜூலையில் அவர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். காரணமாகச் சொன்னது கம்பியை அல்ல. அவருடைய சாதிச் சான்றிதழை! பொய்ச் சான்றிதழ் கொடுத்துப் பணியில் சேர்ந்தார் என்றார்கள். 20 ஆண்டு வேலை பார்த்த பிறகு இந்தச் சந்தேகம் வந்தது. அவர் தேசியப் பட்டியல் சாதியினர் ஆணையத்துக்கும் உயர்நீதிமன்றத்துக்கும் போனார். எதிர்ப்பு வலுத்தது. அதே ஆண்டில் அரசு அந்த ஆணையைத் திரும்பப் பெற்றது. தம் நேர்மையான நடவடிக்கைகளுக்கான பழிவாங்கல் இது என்பது அவர் வாதம்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முதலாளிகளும் ஆட்சியாளர்களும் மோதிக்கொண்டபோது யாரும் யாருடைய சாதியையும் கேட்கவில்லை. சண்டை முடிந்து சமாதானமானதும் கேள்வி வந்தது ஒருவரிடம் மட்டும்: “நீ உண்மையிலேயே அந்தச் சாதிதானா?” நம் பிள்ளைகள் அரசுப் பணிக்குப் போனால், நடுவில் எப்போது வேண்டுமானாலும் உருவக்கூடிய கத்தியாக அந்தச் சான்றிதழ் மாறிவிடுகிறது.

70 ரூபாய்க் காலம்

2011இல் ஆட்சி மாறியதும் முதல்வர் ஜெயலலிதா அரசு கேபிளுக்கு உயிர் கொடுத்தார். செப்டம்பர் 2 அன்று, சென்னை தவிர மற்ற மாவட்டங்களில், மாதம் 70 ரூபாய்க்குச் சேவை தொடங்கியது. இது நம் மக்களுக்கு உண்மையான நிவாரணம், மறுக்க மாட்டோம். கூலி வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு மாதம் 50 ரூபாய், 100 ரூபாய் மிச்சமானால் பெரிது. ஆனால் தொடக்கத்தில் சன் குழுமச் சேனல்கள் அதில் இல்லை. பின்னர்தான் உள்ளே வந்தன.

சேவை தொடங்கிய ஒன்பதாம் நாள், செப்டம்பர் 11, தியாகி இமானுவேல் சேகரன் நினைவு நாள். பரமக்குடியில் காவல்துறை சுட்டதில் நம் மக்கள் ஆறு பேர் உயிரிழந்தார்கள். அன்று மாலை எந்த வீட்டில் எந்தச் சேனல் தெரிந்தது என்பது, அந்தத் தெருவின் கேபிள்காரர் எந்தக் கண்ட்ரோல் ரூமில் இணைந்திருந்தார் என்பதைப் பொறுத்தது. சுட்டது அரசின் காவல்துறை. கம்பியும் அரசின் கம்பி. செய்தியைக் கொண்டுவருபவரும் குற்றம் சாட்டப்படுபவரும் ஒருவராக இருந்தால் நாம் யாரை நம்புவது? மாநில அரசுகள் கேபிள் விநியோகத்தில் இறங்கக் கூடாது என்று டிராய் 2008லும் 2012லும் பரிந்துரைத்ததற்கு இப்படிப்பட்ட அச்சமும் ஒரு காரணம். ஆயினும் 2017இல் அரசு கேபிளுக்கு மத்திய அரசு டிஜிட்டல் உரிமம் கொடுத்தது.

அச்சம் வீண் இல்லை. 2018 ஜூனில் கோவையில் நடந்த ஒரு விவாத நிகழ்ச்சிக்காகப் புதிய தலைமுறை தொலைக்காட்சி மீது வழக்குப் பதிவானது. அதை ஒட்டியே அரசு கேபிளில் அந்தச் சேனல் தன் இடத்திலிருந்து பின்வரிசைக்குத் தள்ளப்பட்டது. தனியார் செய்ததை அரசும் செய்தது. பெரிய முதலீட்டில் நடக்கும் சேனலுக்கே இந்தக் கதி என்றால், நாளை நாம் தொடங்கும் ஒரு சிறு சேனல் எத்தனை நாள் தாங்கும்?

20 பைசாக் கணக்கு

டிஜிட்டல் வந்தால் எல்லாருக்கும் இடம் கிடைக்கும் என்றார்கள். நூறு சேனல் இருந்த கம்பியில் பல நூறு சேனல்கள் வந்தன. கேட்கும் சேனலுக்கு இடம் தர வேண்டும் என்று விதியும் வந்தது. ஆனால் அதற்கு ஏற்றுக்கூலி உண்டு. 2017ஆம் ஆண்டு டிராய் விதிப்படி, சாதாரணச் சேனல் ஒன்றுக்கு ஒரு சந்தாதாரருக்கு மாதம் 20 பைசா வரை விநியோகஸ்தர் வாங்கலாம். 10 லட்சம் சந்தாதாரர்கள் என்றால் மாதம் 2 லட்சம் ரூபாய். 2020இல் ஒரு சேனலுக்கு மாதம் 4 லட்சம் ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தார்கள். இது ஒரு விநியோகஸ்தருக்கு மட்டும். பல விநியோகஸ்தரிடம் போனால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கட்ட வேண்டும்.

அந்த விதியில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. சந்தாதாரர்களில் 20 விழுக்காட்டினரோ அதற்கு மேலோ ஒரு சேனலை எடுத்திருந்தால் அதற்குக் கூலியே இல்லை. 5 விழுக்காட்டுக்கும் கீழே என்றால் முழுக் கூலி. ஏற்கெனவே எல்லா வீட்டிலும் தெரியும் சேனலுக்கு இலவசம். இன்னும் யாருக்கும் தெரியாத சேனலுக்கு முழுச் சுமை. ‘கேசரி’யாவது காசு கொடுத்தும் மறுத்தது. இன்றைய விதி மறுக்காது, கொடுக்க முடியாத காசைக் கேட்கும்.

காலனிக்கு வரும் கம்பி

நாங்கள் வேலை செய்யும் கிராமங்களில் கேபிள் தொழில் பெரும்பாலும் ஊர்த் தெருக்காரர் கையில்தான் இருக்கிறது. மழையில் கம்பி அறுந்தால் முதலில் ஊர், கடைசியில் காலனி. உள்ளூர் சேனலில் ஊர்க் கோயில் திருவிழா நேரலையாக ஓடும், காதுகுத்து விளம்பரம் ஓடும். ஏப்ரல் 14 ஊர்வலத்தைக் காட்டுங்கள் என்று நம் இளைஞர்கள் கேட்டால், “அதெல்லாம் போட்டா பிரச்சனை வரும் தம்பி” என்று பதில் வரும். மாதக் கட்டணம் மட்டும் இரண்டு தெருவிலும் ஒன்றுதான். டீக்கடையில் இரட்டைக் குவளை என்றால் வழக்குப் போடச் சட்டம் இருக்கிறது. கம்பியில் இரட்டைக் குவளை என்றால் எந்தச் சட்டத்தில் புகார் கொடுப்பது?

இதற்கு வழியே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் 1984ஆம் ஆண்டுக் கேபிள் சட்டம், பொதுமக்களுக்கும் கல்விக்கும் உள்ளாட்சிக்கும் சேனல் ஒதுக்கும்படி கேபிள் நிறுவனத்திடம் கேட்க உள்ளூர் நிர்வாகங்களுக்கு அதிகாரம் தந்தது. உள்ளூர்த் தொலைக்காட்சி நிலையங்களைக் கேபிள் நிறுவனங்கள் கட்டாயம் காட்ட வேண்டும் என்று 1992ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. 1997இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் சட்டத்தை உறுதிசெய்தது. அங்கே சமத்துவம் பொங்கி வழிகிறது என்று நாங்கள் சொல்லவில்லை. கம்பி வைத்திருப்பவருக்கும் கடமை உண்டு என்று சட்டம் எழுத முடியும், அது நீதிமன்றத்தில் நிற்கவும் செய்யும் என்கிறோம்.

நம் நாட்டில் மக்கள் அமைப்புகள் சமூக வானொலி நடத்த 2006இல் வழி திறந்தது. தொலைக்காட்சிக்கு அந்தக் கதவு இன்னும் திறக்கவில்லை. அதனால் நாம் கேட்க வேண்டியவை மூன்று. ஒன்று, எந்தக் கேபிள் நிறுவனமானாலும் கூலி வாங்காமல் சில சேனல்களைச் சமூக அமைப்புகளுக்கு ஒதுக்க வேண்டும், அதில் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு உறுதியான பங்கு வேண்டும். இரண்டு, அரசு கேபிளில் ஒரு சேனலை இடம் மாற்றினாலோ நிறுத்தினாலோ காரணத்தை எழுத்தில் வெளியிட வேண்டும். மூன்று, கேபிள் தொழில் செய்ய நம் இளைஞர்களுக்குத் தாட்கோ வழியே கடனும் உரிமமும் கிடைக்க வேண்டும்.

இப்போது எல்லாம் யூடியூபில் வந்துவிட்டதே, இந்தப் பழைய கம்பிக் கதை எதற்கு என்று சிலர் கேட்கலாம். அங்கேயும் எந்தக் காணொளி முதலில் வரும், எது அடியில் கிடக்கும் என்று முடிவெடுப்பவர் ஒருவர் இருக்கிறார். முதல் வரிசை, கடைசி வரிசை என்ற பழைய விளையாட்டுதான். ஆளின் முகம் மட்டும் தெரியவில்லை. தாத்தா இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ என்று பெயர் வைத்தே இதழ் நடத்தினார். பேசத் துணிவு நமக்கு என்றைக்கும் குறைந்ததில்லை. பேசியதைக் கொண்டு சேர்ப்பதும் உரிமைதான் என்று இனிமேலாவது சேர்த்துக் கேட்போம்.

ஜெய் பீம்!