'ரெண்டு நாள்ல முடிஞ்சிடும் சார்'... ஐடி வேலையில் இந்தக் கணக்கு ஏன் தப்புது?

"இது எத்தனை நாள் ஆகும்?" என்று மேனேஜர் கேட்பார். "ரெண்டு நாள் சார்" என்று வாய் முந்திக்கொள்ளும். அஞ்சாவது நாள் ராத்திரி பதினோரு மணிக்கும் லேப்டாப் மூடியிருக்காது. இது சோம்பேறித்தனமா, திறமைக் குறைவா? பெரும்பாலும் ரெண்டும் இல்லை.

தறிக்காரர் கணக்கு

காஞ்சிபுரம் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால் திருப்புட்குழி வரும். ஜடாயுவுக்கு ராமர் இறுதிச் சடங்கு செய்ததாகச் சொல்லப்படும் விஜயராகவப் பெருமாள் கோவில் இருக்கும் ஊர். இந்த வட்டாரத்தில் பட்டு நெய்பவரிடம் "ஒரு சேலைக்கு எத்தனை நாள்?" என்றால் சட்டென நாள் சொல்ல மாட்டார். கோர்வையா, பேட்னி உண்டா, புட்டா எவ்வளவு நெருக்கம் என்று திருப்பிக் கேட்பார். அதன் பிறகு அவர் சொல்லும் பத்து நாளோ, இருபது நாளோ பெரிதாகத் தப்பாது. அதே மாதிரி சேலையை ஏற்கெனவே பலமுறை நெய்திருக்கிறார். மழைக்காலத்தில் தறிக்குழியில் தண்ணீர் ஊறினால் வேலை நிற்கும் என்பதும் அவர் கணக்கில் உண்டு.

சாஃப்ட்வேரில் நிலைமை வேறு. அதே சேலை இரண்டாவது முறை வேண்டுமென்றால் அங்கே நெய்யவே வேண்டாம், காப்பி எடுத்தால் போதும்! அதனால் புரோகிராமர் கைக்கு வருவதெல்லாம் இதுவரை யாரும் அப்படியே நெய்யாத சேலைதான். பழைய கோடு எங்கே உடையும், அடுத்த டீம் எப்போது பதில் போடும் என்பதெல்லாம் வேலையில் இறங்கிய பிறகே தெரியும்.

மனசும் ஏமாற்றும்

நம் வேலைக்கு ஆகும் நேரத்தை நாமே குறைத்துச் சொல்லும் பழக்கத்தை 1979-ல் உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 'திட்டமிடல் மாயை' என்ற பொருளில் குறிப்பிட்டார்கள். 1994-ல் வெளியான ஆய்வு ஒன்றில், ஆய்வேடு எழுதும் மாணவர்கள் சராசரியாக 34 நாளில் முடிப்போம் என்றார்கள். எல்லாமே சொதப்பினாலும் 49 நாள் என்றார்கள். ஆனது சுமார் 55 நாள்.

வருமான வரி போர்ட்டல் கதை

பெரிய திட்டங்களும் தப்புவதில்லை. புதிய வருமான வரி போர்ட்டலுக்கு 2019 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 4,242 கோடி ரூபாய் ஒதுக்கியது. பணியை எடுத்தது இன்ஃபோசிஸ். 18 மாதத்தில் முடியும், 3 மாதச் சோதனைக்குப் பிறகு வரும் என்று அப்போது சொல்லப்பட்டது. நடுவில் கொரோனாவும் வந்தது. போர்ட்டல் திறந்தது 2021 ஜூன் 7-ல், அதுவும் கோளாறுகளோடு. ஆகஸ்டில் நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரியை அழைத்த நிதியமைச்சகம், செப்டம்பர் 15-க்குள் சரிசெய்யக் கெடு வைத்தது. ரிட்டர்ன் தாக்கல் தேதியும் தள்ளிப்போனது.

சரி, என்னதான் செய்யலாம்?

வேலையை ஒருநாள், அரைநாள் துண்டுகளாக உடைத்துப் பாருங்கள். உடைக்க முடியவில்லை என்றால் அந்த வேலை இன்னும் புரியவில்லை என்று அர்த்தம். கோடு எழுதும் நேரத்தோடு டெஸ்டிங், ரிவ்யூ, அதில் வரும் திருத்தம் எல்லாம் சேர வேண்டும். இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். போன தடவை இதே மாதிரி வேலைக்கு நிஜமாக எத்தனை நாள் ஆனது என்பதை எழுதிவைத்திருந்தால், தறிக்காரர் மாதிரி நமக்கும் ஒரு கணக்கு கிடைக்கும்.

டீமாகச் சொல்லும்போது 'பிளானிங் போக்கர்' உதவும். 2002-ல் ஜேம்ஸ் கிரென்னிங் விவரித்த முறை இது. ஆளுக்கொரு எண் அட்டையை எடுத்து எல்லோரும் ஒரே நேரத்தில் காட்ட வேண்டும். சீனியர் முதலில் '3' என்று சொல்லி, மற்றவர்கள் தலையாட்டும் கதை நடக்காது. ஒருவர் 2, இன்னொருவர் 13 காட்டினால் அந்த இருவரும்தான் முதலில் பேச வேண்டும். யாருக்கோ தெரிந்த சிக்கல் அங்கேதான் வெளியே வரும்.

லேட் ஆனால் "இன்னும் நாலு பேரைப் போடுங்க" என்பது மேலிடத்தின் வழக்கமான வைத்தியம். லேட்டான திட்டத்தில் ஆள் சேர்த்தால் இன்னும் லேட்டாகும் என்று ஐபிஎம்மில் பெரிய திட்டத்தை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ் 1975-லேயே எழுதிவிட்டார். புது ஆட்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் பழைய ஆட்கள்தானே!

மீட்டிங்கிலேயே நாள் கேட்டால், "பார்த்துட்டு சாயங்காலம் சொல்றேன் சார்" என்று கேட்டுவாங்கலாம். சாயங்காலம் சொல்லும்போதும் ஒற்றை எண் வேண்டாம். "மூணு நாள்ல இருந்து ஆறு நாள், பேமெண்ட் டீம் பதில் போடுறதைப் பொறுத்து" என்று காரணத்தோடு மெயிலில் போட்டுவிடுங்கள்.