மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின்

எங்கட தலைமுறை ஒஸ்ரின் ஏ40 காரைக் கூடுதலாகக் கலியாண அல்பங்களிலதான் பாத்திருக்கு. 1950களில் இங்கிலாந்திலிருந்து வந்திறங்கிய இந்தக் கார்கள் அந்தக் காலத்து வசதியான வீடுகளின் அடையாளம். 1990இல் பொருளாதாரத் தடை வந்து யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் நிண்டபோது, ஓடிக் காட்டினதும் இதுகள்தான்.

பழைய எஞ்சினில் அமுக்க விகிதம் குறைவு; அதனால் மண்ணெண்ணெயையும் ஒருமாதிரிச் சமாளிச்சு எரிக்கும். ஆனால் குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகாது. காபரேற்றருக்குள்ள கொஞ்சப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறின பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாத்த வேணும்.

அதுக்கான விலையை எஞ்சின் குடுத்தது. பிளக்கில் கரி பிடிக்கும். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் வழியே கீழ இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கும். ஒயில் மெலிஞ்சால் பேரிங்கும் பிஸ்டன் ரிங்கும் தேயும். புதுப் பாகம் வராத ஊரில், ஒரு காரைக் கழட்டித்தான் இன்னொண்டை ஓட வைக்கலாம்.

இண்டைக்கு இந்தக் கார்களைப் பழம்பொருளாக விலை பேசுகினம். திருத்தச் செலவைக் கேட்டுத் திகைக்க முதல், தடைக்காலத்தில் அது ஆரை ஏத்திக்கொண்டு எங்க ஓடினது எண்டு வீட்டுப் பெரியவையிட்டக் கேட்டுப் பாப்பம். அந்தத் தேய்மானமும் எங்கட வரலாறுதான்.