கடைசி வரியில் இருந்த பெயர்கள்

தலைவர்களின் பிம்பத்தைப் பத்திரிகைகள் எப்படிக் கட்டின என்று அறிய நாம் முதல் பக்கத்தைப் புரட்டுகிறோம். நான் அச்சிடுபவர், வெளியிடுபவர் பெயரைச் சொல்லும் சின்ன வரியைத் தேடிப் போனேன். 1867ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த வரி கட்டாயமாக இருந்தது. வழக்கு வந்தால் அந்தப் பெயருக்குரியவரும் கூண்டில் நிற்க வேண்டும்.

1925 மே மாதம் ஈரோட்டில் 'குடிஅரசு' தொடங்கியது. ஈ.வெ.ராமசாமி ஒரு புதிய தலைவராக ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது அந்த வார இதழின் வழியே. 1927 இறுதியில் தம் பெயரிலிருந்த சாதிப் பட்டத்தை அவர் விட்டதும் அதன் பக்கங்களில்தான். தன்னை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதை ஒரு தலைவர் தன் பத்திரிகையிலேயே எழுதிக்காட்டினார்.

அந்த இதழின் வெளியீட்டாளராக இருந்தவர் அவருடைய தங்கை கண்ணம்மாள். 1933 அக்டோபரில் அரசை எதிர்த்து வந்த தலையங்கத்துக்காக அண்ணனோடு தங்கையும் சிறை சென்றார். அண்ணனின் சிறைவாசம் வரலாறானது. தங்கையின் சிறைவாசம் அந்த வரலாற்றில் ஒரு துணைத் தகவலாகச் சுருங்கிவிட்டது.

அதே ஆண்டு மே மாதம் நாகம்மையார் மறைந்தார். தாம் பேசிய பெண்விடுதலையில் சிறு பங்கைக்கூடத் தம் மனைவியிடம் கடைப்பிடிக்கவில்லை என்று பெரியார் 'குடிஅரசில்' எழுதினார். தன் பிம்பத்தைத் தானே உடைக்கும் துணிச்சல் அபூர்வமானது. அதை நான் மதிக்கிறேன். ஆனாலும் அங்கே பேசும் குரல் அவருடையது. நாகம்மையார் என்ன நினைத்தார் என்பதை அந்த இரங்கல் உரையிலிருந்து நாம் அறிய முடியாது. 1938 நவம்பரில் சென்னையில் கூடிய பெண்கள் மாநாடுதான் அவரைப் 'பெரியார்' என்றழைக்கத் தீர்மானித்தது. பட்டம் நிலைத்தது. மாநாட்டுத் தலைவர் நீலாம்பிகை அம்மையார் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இதைச் சங்கராபுரத்திலிருந்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் 50 விழுக்காடு இடங்கள் பெண்களுக்கு. 2021இல் எங்கள் கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் ஊரகத் தேர்தல் நடந்தது. கையெழுத்தும் பொறுப்பும் பெண்ணுடையதாக, சுவரொட்டியில் பெரிய முகம் கணவருடையதாக இருப்பதை நாம் பார்க்கிறோம். ஆக, கண்ணம்மாளின் கதை பழங்கதை அல்ல. பழைய இதழ்களை வாசிக்கும் மாணவிகள் அந்தச் சின்ன வரியையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆபத்தில் பங்கு கொடுத்து, புகழில் பங்கு தராத கணக்கு அங்கேதான் எழுதப்பட்டிருக்கிறது.