தண்ணி பாட்டிலும் டெர்மினலும்

போன ஞாயித்துக்கிழமை சாப்பிட்டுட்டு கொஞ்சம் கண்ணசரலாம்னு படுத்தா, போன். அக்கா பொண்ணு. இன்ஜினியரிங் ரெண்டாவது வருஷம் படிக்குது.

"மாமா, இங்க ஒரு பெரிய டெக் கான்ஃபரன்ஸுக்கு காலேஜ்ல வாலண்டியர் கேட்டிருக்காங்க. மூணு நாள். காசு கிடையாது. டி-ஷர்ட், சாப்பாடு, சர்டிபிகேட், ஓ.டி. போகவா?"

பின்னாடியிலிருந்து அக்கா குரல்: "சொந்தக்காரங்க கல்யாணத்துல பந்தி பரிமாறச் சொன்னா உடம்பு வணங்காது. அங்க ஊரான் விழாவுக்குத் தண்ணி எடுத்துக் குடுக்கப் போவுதாம்!"

ரெண்டு பேர் சொல்றதுலயும் நியாயம் இருந்துச்சு. "ரெண்டு நாள் டயம் குடும்மா, யோசிச்சு சொல்றேன்"னு வெச்சுட்டேன். தூக்கம் போச்சு. அந்த யோசனையில் வந்ததுதான் இது. கொஞ்சம் கொசுவத்தி, நிறைய சரித்திரம்.

முதலில் கொசுவத்தி. 2004. நான் மூணாவது வருஷம். சென்னையில் ஒரு பெரிய ஹாலில் சாஃப்ட்வேர் மாநாடு. எங்க காலேஜிலிருந்து இருபது பேரை வேனில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்கினார்கள். எல்லாருக்கும் ஆரஞ்சு கலர் டி-ஷர்ட், கழுத்தில் பேட்ஜ். பேட்ஜில் பேர் கூடக் கிடையாது, வெறும் 'வாலண்டியர்'. முதல் நாள் காலை ஆறு மணியிலிருந்து பையில் பேனா, நோட்டு, நோட்டீஸ் போடுகிற வேலை. அப்புறம் ரெஜிஸ்ட்ரேஷன் கவுண்டர். அப்புறம் மேடைக்குத் தண்ணி பாட்டில். அப்புறம் ஹால் வாசலில் நின்று கதவு சாத்துகிற வேலை. கதவுக்கு உள்ளே லினக்ஸ் பற்றி எவ்வளவோ பேசினார்கள். கதவுக்கு வெளியே எனக்குக் கேட்டது கைதட்டல் மட்டும்தான்.

மூன்றாம் நாள் ஒரு சின்ன அதிர்ஷ்டம். ஒரு வயசான பேச்சாளர், கையில் கட்டு. "நான் பேசுறேன், நீ என் லேப்டாப்புல டைப் அடிக்கிறியா?"ன்னு கேட்டார். பன்னிரண்டு நிமிஷம். நான் ஒரு கமாண்டைத் தப்பா அடிச்சேன், கூட்டம் சிரிச்சது. அவர் சிரிக்கலை. "இது ஏன் தப்பாச்சுன்னு பார்ப்போம்"னு அதையே ஒரு பாடமா நடத்திட்டார். அந்த மூணு நாளில் நான் கத்துக்கிட்டது அந்தப் பன்னிரண்டு நிமிஷம்தான். சர்டிபிகேட் எந்தப் பீரோவில் இருக்கோ தெரியாது. அந்தக் கமாண்ட் இன்னும் மறக்கலை.

சரி, சரித்திரத்துக்கு வருவோம்.

மாணவர்களை நம்பி ஒரு மாநாட்டை நடத்தினால் என்ன ஆகும் என்பதற்கு என்னிடம் ஒரே ஒரு உதாரணம் கேட்டால், 1972 அக்டோபரைத்தான் சொல்லுவேன். அதுக்கு மூணு வருஷம் முன்னாலிருந்து ஆரம்பிக்கணும்.

அமெரிக்க ராணுவத்துறையின் ஆராய்ச்சிப் பிரிவான ஆர்ப்பா, தூரத்தில் இருக்கிற கணினிகளை இணைக்க ஆர்ப்பாநெட் என்ற வலையமைப்பை 1969ல் போட ஆரம்பித்தது. கம்பியும் பெட்டியும் தயார். ஆனால் ஒரு கணினி இன்னொன்றோடு என்ன மொழியில் பேச வேண்டும்? அந்தக் கேள்வி பல்கலைக்கழகங்களின் கிராஜுவேட் மாணவர்கள் தலையில் வந்து விழுந்தது. பசங்களுக்கே நம்பிக்கையில்லை. யாராவது பெரிய மனுஷங்க வந்து "தள்ளுங்கப்பா, நாங்க பார்த்துக்கறோம்"னு சொல்லுவாங்கன்னு எதிர்பார்த்துக் காத்திருந்தார்கள். யாரும் வரவில்லை.

கலிபோர்னியாவில் யு.சி.எல்.ஏ. மாணவர் ஸ்டீவ் கிராக்கர், பேசி வைத்ததை எல்லாம் குறிப்பாக எழுத உட்கார்ந்தார். தங்கியிருந்த வீட்டில் மத்தவங்க தூக்கம் கெடக்கூடாதென்று குளியலறையில் உட்கார்ந்து எழுதியதாக அவரே சொல்லியிருக்கிறார். இது சட்டம் என்று எழுத பயம். அதனால் 'கருத்துக் கேட்கிறோம்' என்ற பணிவான அர்த்தத்தில் அந்த வரிசைக்கு ஆர்.எஃப்.சி. என்று பேர் வைத்தார். முதலாவது 1969 ஏப்ரல் 7ல் வந்தது. இணையத்தின் விதிகள் இன்றைக்கும் அதே பேரில்தான் வருகின்றன. பயந்துபோன ஒரு மாணவன் வெச்ச பேர்!

அதே வருஷம் அக்டோபர் 29 ராத்திரி, யு.சி.எல்.ஏ.வில் சார்லி க்ளைன் என்ற மாணவர், ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிலையக் கணினிக்கு முதல் செய்தி அனுப்பினார். 'லாகின்' என்று அடிக்க ஆரம்பித்து, இரண்டு எழுத்து போனதும் அந்தப் பக்கம் படுத்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துச் சரியானது. ஆக, இணையத்தின் முதல் வேலையும் முதல் கோளாறும் ஒரு மாணவன் கையில்தான் நடந்தது.

மூணு வருஷத்தில் வலை வளர்ந்தது. ஆனால் அந்தச் சின்ன வட்டத்துக்கு வெளியே யாருக்கும் நம்பிக்கையில்லை. தகவலைத் துண்டு துண்டாக்கி அனுப்பி அந்தப் பக்கம் சேர்ப்பதாம், இதெல்லாம் நடக்கிற காரியமா என்றார்கள். தொலைபேசிக் கம்பெனியான ஏ.டி. அண்ட் டி.க்கு 1960களிலேயே பால் பாரன் என்ற ஆராய்ச்சியாளர் இதை எடுத்துச் சொல்லி, அவர்கள் ஒத்துக்கொள்ளவே இல்லை. ஊரைக் கூட்டிக் காட்டினால்தான் நம்புவார்கள் என்று ஆர்ப்பாவின் லாரி ராபர்ட்ஸ் முடிவு செய்து, பாப் கானிடம் பொறுப்பைக் கொடுத்தார். இடம்: வாஷிங்டன் ஹில்டன் ஹோட்டல். நாள்: 1972 அக்டோபர் 24 முதல் 26. கணினித் தொடர்புக்கான சர்வதேச மாநாடு.

கான், எம்.ஐ.டி.யின் அல் வெஸாவோடு சேர்ந்து ஒரு வருஷம் இதுக்காக ஓடினார். ஹோட்டலுக்குள்ளேயே வலையின் ஒரு முனையைக் கொண்டுவந்து வைத்து, பல கம்பெனிகளின் டெர்மினல்களை அதில் சொருகினார்கள். தூரத்தில் இருக்கிற கணினியோடு செஸ் விளையாடலாம். மனநோயாளி மாதிரிப் பேசும் 'பாரி' என்ற புரோகிராமோடு அரட்டை அடிக்கலாம். (பாரியையும், டாக்டர் மாதிரிப் பேசும் இன்னொரு புரோகிராமையும் வலை வழியா மோதவிட்டு, அந்தப் பேச்சை வின்ட் செர்ஃப் 1973ல் 439ஆவது ஆர்.எஃப்.சி.யாகவே போட்டார். குசும்பு அப்பவே உண்டு.)

வந்தவர்கள் தாங்களே உட்கார்ந்து தட்டிப் பார்க்க வேண்டும் என்பதுதான் கானின் திட்டம். ஆனால் ஒவ்வொரு கணினிக்கும் ஒவ்வொரு கமாண்ட். எந்தச் சாவியை எப்போ அழுத்துவது என்று விளக்கி ஒரு கையேடு தயாரித்தவர் பாப் மெட்காஃப். ஜெராக்ஸில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தார். அந்த வருஷம்தான் ஹார்வர்ட் அவர் பிஎச்.டி. ஆய்வேட்டைத் திருப்பி அனுப்பியிருந்தது. வர்றவங்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் பல ஆராய்ச்சிக்கூடங்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள், அதில் மாணவர்களும் இருந்தார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்த காட்சி இது. யு.சி.எல்.ஏ. மாணவர் ஜான் போஸ்டல் ஒரு டெர்மினலில் உட்கார்ந்து, தூரத்துக் கணினியிலிருந்து ஒரு கோப்பை வரவழைத்துப் பக்கத்துப் பிரிண்டரில் அடித்துக் காட்டப் போகிறார். கமாண்ட் போயாச்சு. பிரிண்டர் கம்முனு இருக்கு. சுத்திமுத்திப் பார்த்தால், எம்.ஐ.டி.காரங்க கொண்டுவந்து வெச்சிருந்த ஆமை ரோபோ கிடந்து குதிக்குதாம்! பிரிண்டருக்குப் போகவேண்டிய கோப்பு ஆமைக்குப் போய்விட்டது. எழுத்தை எல்லாம் 'முன்னால் போ, திரும்பு' என்று எடுத்துக்கொண்டு ஆமை ஆடியிருக்கிறது.

அடுத்த காட்சியில் சிரிப்பு இல்லை. ஏ.டி. அண்ட் டி.யிலிருந்து பத்து பெரிய அதிகாரிகள், கோட்டு சூட்டோடு. சுற்றிக்காட்ட நிறுத்தியது தாடி வெச்ச மெட்காஃபை. காட்டிக்கொண்டிருக்கும்போதே எல்லாம் படுத்துவிட்டது. திரும்பிப் பார்த்தால் அவர்கள் முகத்தில் சிரிப்பு. 'நாங்க அப்பவே சொன்னோமே' என்கிற சிரிப்பு. அந்தச் சிரிப்பு தன்னை எவ்வளவு கோபப்படுத்தியது என்று மெட்காஃப் பல வருஷம் கழித்தும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனால் மாநாடு ஜெயித்தது. மூணு நாள் தட்டிப் பார்த்துவிட்டுப் போனவர்களால் 'இது நடக்காது' என்று அப்புறம் சொல்ல முடியவில்லை. வெவ்வேறு நாட்டு வலைகளை எப்படி இணைப்பது என்று பேச அங்கேயே ஒரு சர்வதேசக் குழு அமைந்தது. தலைவர், பிஎச்.டி. முடித்த கையோடு இருந்த செர்ஃப். 1974ல் செர்ஃபும் கானும் எழுதிய கட்டுரையிலிருந்துதான் இன்றைய இணையத்தின் அடிப்படை விதிமுறை வந்தது. மெட்காஃப் 1973ல் ஈதர்நெட்டுக்கு வித்திட்டார், பிஎச்.டி.யும் வாங்கினார். ஆமையை ஆடவைத்த போஸ்டல், 1998 அக்டோபரில் சாகும்வரை ஆர்.எஃப்.சி.களின் பதிப்பாசிரியர்.

இங்கே ஒரு நேர்மையான குறிப்பு. இவங்க யாரும் பேட்ஜில் 'வாலண்டியர்' என்று மாட்டிக்கொண்டவர்கள் இல்லை. பலபேர் ஆர்ப்பா பணத்தில் நடந்த ஆராய்ச்சியில் ஏற்கெனவே வேலை செய்தவர்கள். அதை மறைத்துவிட்டு "பாத்தியா, இலவசமா உழைச்சா இன்டர்நெட்டே கண்டுபிடிக்கலாம்"னு சொன்னா அது அயோக்கியத்தனம். பின்னாடி சிக்ராஃப், சி.ஹெச்.ஐ. மாதிரி மாநாடுகள் இதை முறைப்படுத்தின: மாணவர் இத்தனை மணி நேரம் வேலை செய்யணும், பதிலுக்கு மாநாட்டு அனுமதி இலவசம், மிச்ச நேரம் உள்ளே போய்க் கேட்கலாம். அதுவாவது நியாயமான கணக்கு.

நான் புரிந்துகொண்டது இதுதான். காசு ஒரு கேள்விதான், ஆனா அதைவிடப் பெரிய கேள்வி ஒண்ணு இருக்கு. கீபோர்டை யார் கையில் குடுக்கிறாங்க? கெட்டுப்போனா பரவாயில்லைன்னு குடுக்கிறாங்களா? கான் கொடுத்தார். பத்து அதிகாரிகள் முன்னால் மானம் போகும் என்று தெரிந்தும் கொடுத்தார். எனக்கு அந்தக் கைக்கட்டுப் பெரியவர் கொடுத்தார்.

புதன்கிழமை அக்கா பொண்ணுக்குப் போன் போட்டேன். "போம்மா. ஆனா போறதுக்கு முன்னாடி மூணு கேளு. உள்ள உக்காந்து கேக்க எத்தனை மணி நேரம் விடுவாங்க? மேடைக்குப் பின்னாடி மெஷின் வேலை ஏதாச்சும் தருவாங்களா? பேட்ஜுல உன் பேர் இருக்குமா?"

"இதெல்லாம் கேட்டா என்னைச் சேத்துக்க மாட்டாங்க மாமா."

"அப்ப அக்கா சொன்னதுதான் சரி. பேசாம கல்யாணத்துல பந்தி பரிமாறு. அங்க கடைசியில உன்னையும் உக்கார வெச்சு இலை போடுவாங்க."

நேத்து ராத்திரி மெசேஜ் வந்தது. கேட்டாளாம். முதல் ரெண்டுக்கும் இன்னும் பதில் இல்லை. பேர் மட்டும் போடுறோம்னு சொல்லியிருக்காங்களாம்.

என் காலத்துக்கு இது முன்னேற்றம்தான்.