புதன் காட்டிய வழி

கணக்கும் அவதானமும் முரண்படுமிடத்துப் பிழை எங்கேயுளது என ஆராய்தல் அறிவியலாளர் கடன். காணப்படாத பொருளொன்று உண்டெனக் கொள்வதா, அன்றிக் கணக்கிற்கு அடிப்படையான விதியையே திருத்துவதா என்னும் வினாவுக்குப் பிரெஞ்சு வானியலறிஞர் லெ வெரியேயின் வரலாறு இரு வேறு விடைகளைத் தருகின்றது.

யுரேனசு நியூற்றனின் ஈர்ப்பு விதிக்கு முற்றும் இயையச் செல்லாமையை ஆராய்ந்த அவர், அப்பாலுள்ள கோளொன்று அதனை ஈர்க்கின்றதெனத் துணிந்து, அக்கோளின் இடத்தையும் கணித்தார். 1846 செப்டெம்பர் 23 இல் பேர்லின் வானாய்வு நிலையத்திலே காலே என்பார் அவ்விடத்துக்கு ஒரு பாகை எல்லைக்குள் நெப்ரியூனைக் கண்டார். விதி வென்றது.

1859 இல் லெ வெரியே புதனிடத்தும் ஒரு முரண்பாட்டை எடுத்துக்காட்டினார். புதன் ஞாயிற்றை மிக அணுகும் இடம் மெல்ல முன்னோக்கி நகர்கின்றது. ஏனைய கோள்களின் ஈர்ப்பால் நேர்வதைக் கழித்த பின்னரும் நூற்றாண்டுக்கு 38 விகலை எஞ்சியது. பின்னர் நியூகோம் அதனை 43 விகலையெனத் திருத்தினார். இந்நகர்வு ஒரு பாகையாதற்கு 8,000 ஆண்டுகளுக்கு மேல் வேண்டும். அத்துணைச் சிறிதாயினும் லெ வெரியே அதனைப் புறக்கணித்தாரல்லர். முன்போலவே காணாக் கோளொன்றைக் கருதினார். வல்கன் எனப் பெயரிட்டுப் பலரும் தேடினர், கோள் அகப்படவில்லை.

இம்முறை திருந்தவேண்டியது விதியே. திணிவும் சத்தியும் ஒன்றற்கொன்று சமமானவையென ஐன்ஸ்ரைன் 1905 இல் நிறுவினார். ஆகவே, திணிவு ஈர்க்குமாயின் சத்தியும் ஈர்த்தல் வேண்டும். மேலும், ஈர்ப்பென்பது தொலைவிலிருந்து இழுக்கும் விசையன்று. திணிவும் சத்தியும் தம்மைச் சூழ்ந்த வெளியையும் காலத்தையும் வளைக்க, அவ்வளைவிலே இயன்ற மிக நேரிய வழியிற் கோள்கள் செல்கின்றன என்பது அவர்தம் பொதுச் சார்புக் கொள்கை. ஞாயிற்றுக்கு அண்மையில் வளைவு மிகுதலின், புதனின் நீள்வளைய ஒழுக்கு சுற்றுத்தோறும் சிறிது திரும்புகின்றது. 1915 நவம்பர் 18 இல் பிரசிய அறிவியற் கழகத்துக்கு அவர் அளித்த கட்டுரையில், புதுக் கோளெதனையும் வேண்டாது அந்த 43 விகலையும் கணக்கிலிருந்தே கிடைத்தது.

அவ்வினா இன்றும் முடிந்திலது. 1933 இல் சுவிக்கி என்பார், கோமா எனும் விண்மீன் மண்டலத் தொகுதியின் இயக்கத்துக்குக் கண்ணுக்குப் புலனாகும் திணிவு போதாதெனக் கண்டார். அறிஞருட் பெரும்பாலோர் காணாப் பொருள் உண்டென்பர். சிலர் விதியைத் திருத்த முயல்வர். இது மற்றொரு நெப்ரியூனோ, மற்றொரு வல்கனோ என்பதை நுண்ணிய அளவையே தீர்க்கும். லெ வெரியேயின் ஊகம் பொய்த்தது. அவர் விடாது பற்றிய விகலைகளோ புதிய கொள்கையின் முதற் சான்றாயின.