நாற்றுமேடையும் லயமும்

பாகான் டத்தோவில் தென்னை வைப்பவர்கள், விதைத் தேங்காயை நேரே தோட்டத்தில் புதைப்பதில்லை. நாற்றுமேடையில் முளைக்கவிட்டு, தேறிய கன்றை மட்டுமே நடவுக்கு எடுப்பார்கள். இணையத்தில் அகப்பக்கம் அமைப்பதற்கும் இத்தகைய ஒழுங்கு உண்டு. அது வளர்ந்த வரலாற்றை இன்று பார்ப்போம்.

1989ஆம் ஆண்டில், ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ் லீ என்பவர் இணைய வலைக்கான திட்டத்தை எழுதினார். முதல் தளம் அங்கிருந்த ஒரு கணினியிலேயே இயங்கியது. தொடக்கத்தில், தனிப்பெயர் கொண்ட ஒவ்வொரு தளத்துக்கும் தனி எண் முகவரி தேவைப்பட்டது. 1997இல் வெளிவந்த ஹெச்.டி.டி.பி. 1.1 என்னும் விதிமுறை இந்நிலையை மாற்றியது. ஒரே எண் முகவரியில் பல தளங்கள் குடியிருக்க அது வழிசெய்தது, செலவும் குறைந்தது. இதையே பகிர்வு இடவசதி என்கிறோம்.

நம் பெரியவர்கள் வாழ்ந்த லயம் போன்றதுதான் இதுவும். கூரை ஒன்று, தண்ணீர்க் குழாயும் ஒன்று. ஒரு வீட்டார் குழாயை அடைத்துக்கொண்டால் அடுத்தவர் காத்திருக்க வேண்டும். அவ்வாறே, ஒரு தளத்தில் கூட்டம் பெருகினால் பக்கத்துத் தளங்கள் மெதுவாகும்.

ஒருவர் செய்வது மற்றவரைத் தாக்காமலிருக்க வேலி வேண்டாமா? 1979இலேயே யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில், ஒரு நிரலைக் குறிப்பிட்ட கோப்புறைக்குள் அடைத்துவைக்கும் ஏற்பாடு வந்துவிட்டது. 2000இல் ஃப்ரீ-பி.எஸ்.டி. அதை இன்னும் பலப்படுத்தியது. அந்த ஏற்பாட்டுக்கு ‘சிறை’ என்றே பெயர். 2013இல் டோக்கர் வந்தது. இப்படி வேலிக்குள் வைத்துச் சோதித்துப் பார்க்கும் இடமே மணல்தொட்டி. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவிலும், புதியவர்கள் எழுதிப் பழக இதே பெயரில் ஒரு பக்கம் உண்டு.

இவற்றில் எதைத் தேர்வது? பல தோட்டங்களில் லயங்கள் இடிக்கப்பட்டுவிட்டன. அங்கு எடுத்த படங்களையும் பெரியவர்களின் நினைவுகளையும் பிள்ளைகள் அகப்பக்கமாக்க விரும்பலாம். மணல்தொட்டியில் தவறு செய்தால் அழித்துவிட்டு மீண்டும் தொடங்கலாம். வெளியார் கண்ணுக்குப் படாது. ஆனால் ஈப்போவிலுள்ள உறவினரும் அதைக் காண இயலாது. மேலும், இலவசச் சோதனைத் தளங்கள் சில, மூடியதும் உள்ளே இருப்பதை அழித்துவிடுகின்றன. பகிர்வு இடத்திலோ பக்கம் இரவும் பகலும் திறந்திருக்கும். அதற்கு ஆண்டு வாடகை உண்டு. அங்கே செய்யும் பிழையை எல்லோரும் காண்பர்.

வாடகையில்லாத வீடும் நிலையானதன்று. 1994இல் தொடங்கிய ஜியோசிட்டீஸ், எண்ணற்றோருக்கு இலவச இடம் தந்தது. 1999இல் யாஹூ அதை வாங்கியது. 2009 அக்டோபரில் மூடியது. நகல் வைத்திராத பலர் தங்கள் பக்கங்களை இழந்தனர்.

ஆகவே, நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லும் முறை இது: முதலில் மணல்தொட்டியில் பழகுங்கள். பக்கம் தேறியபின் பகிர்வு இடத்தில் ஏற்றுங்கள். ஏற்றுவதற்கு முன்பே ஒரு நகலை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பாட்டியின் படம் இருப்பது ஒன்றே ஒன்றென்றால், அதைப் பிறர் வீட்டில் மட்டும் விட்டு வைக்கலாமா?